ஒரு தாளின் கனம்

சென்ற மார்ச்சு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைப் பசியாறல் முடிந்து ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் அறிவியல் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நியூசிலாந்தில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன என் தம்பி அழைத்தான். நலம் விசாரிக்கும் வழக்கமான குரல் அன்று இல்லை.

"அக்கா, நீங்க அறிவியல் டீச்சர்தானே? புவியீர்ப்பு விசை இங்கே மட்டும் கூடுதலா இருக்குமா?" என்றான்.

விளையாட்டாகக் கேட்கிறான் என்றுதான் எண்ணினேன். பிறகுதான் கதை வெளிவந்தது. ஒருவர் பயன்படுத்திய வேட்டைத் துப்பாக்கியை அவன் வாங்கியிருக்கிறான். நூறு மீட்டரில் குறி சரியாக அமைத்திருக்கிறான். அடுத்த வாரம் இருநூறு மீட்டரில் சுட்டபோது, தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருந்த அளவைக் காட்டிலும் ஒரு சாண் அளவுக்கும் மேலாகக் குண்டு கீழே இறங்கியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவதாக ஏற்பாடு.

மலேசியாவில் வாழும் நம் போன்றோருக்கு இப்பேச்சே அந்நியமானது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் கடுமையான தண்டனைச் சட்டமும் நடைமுறையில் உள்ள நாட்டில், துப்பாக்கியைக் காவலர் இடுப்பிலும் வங்கி வாசலிலும் மட்டுமே நாம் பார்த்திருக்கிறோம். நியூசிலாந்தின் நிலை வேறு. அங்கு வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட மான்கள், கொன்றுண்ணும் விலங்கு இல்லாமையால் பெருகி, இளங்கன்றுகளைத் தின்று காட்டை அழிக்கின்றன. ஆகவே, உரிமம் பெற்றோர் மான் வேட்டையாடுவதை அரசே அனுமதிக்கிறது. 2019ஆம் ஆண்டு கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் அங்கும் சட்டம் இறுகிவிட்டது. தம்பியிடம் இருப்பது ஒவ்வொரு முறையும் கையால் தோட்டாவை ஏற்றிச் சுடும் வகை. இவ்வளவையும் அவன் விளக்கிச் சொன்ன பிறகும் என் மனம் முழுமையாக ஒப்பவில்லை என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

உடனிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டார். காரணம் எனக்குத் தெரியும்.

அம்மாவின் தந்தை கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். இன்று காப்பிக் கடைகளும் அடுக்ககங்களும் நிறைந்து நிற்கும் எங்கள் பங்சாரும் அப்படியொரு ரப்பர்த் தோட்டமாக இருந்ததுதான். புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்தே 'பங்சார்' ஆனது என்பார்கள். அக்காலத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை மிகுதி. கிராணியார் ஒருவரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. அவர் சுடுவார்; தாத்தாவும் வேறு சிலரும் தகரம் தட்டிப் பன்றியை விரட்டி வருவர். ஒருநாள் அந்தி மயங்கும் நேரத்தில், எழுபது மீட்டர் தொலைவில் நின்ற பன்றியை முப்பது மீட்டர் எனத் தவறாகக் கணித்து அவர் சுட்டுவிட்டார். குண்டு நெஞ்சில் படவில்லை. கீழே இறங்கி முன்னங்காலை உடைத்தது. காயம்பட்ட பன்றி லாலான் புல்லுக்குள் மறைந்தது. தேடிப் போன தாத்தாவின் தொடையைக் கிழித்தது. அதன்பின் அவர் இறக்கும்வரை காலை இழுத்து இழுத்தே நடந்தார். மூன்று மாதம் பால்மரம் வெட்டப் போக முடியாமல் குடும்பம் அரைவயிற்றுக் கஞ்சி குடித்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அதைவிடவும் அவர் அடிக்கடி சொன்னது, இரவு முழுவதும் புல்லுக்குள் கேட்ட அந்தப் பன்றியின் ஓலத்தைப் பற்றித்தான்.

குண்டு கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று தம்பி சொன்னபோது எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் இதுவே. ஆகவே புத்தகங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வரைபடத்தாளை எடுத்தேன்.

துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எறியப்பட்ட பொருள் எப்படி விழும் என்பது தெரியும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு காசுகளை மேசை விளிம்பில் வைத்து, ஒன்றை நேராகக் கீழே விடவும் மற்றதைச் சுண்டிவிடவும் சொல்லுவேன். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். ஒரே ஒரு 'டக்' ஒலிதான் கேட்கும். நம்பாத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் கேட்கும். எவ்வளவு வேகமாக முன்னே போனாலும் விழுவது விழுந்துகொண்டேதான் இருக்கும். கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவியது இதுவே: விழும் தொலைவு நேரத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடும். இரட்டிப்பு நேரம் பறந்தால் நான்கு மடங்கு விழும்.

துப்பாக்கிக் குண்டும் குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே விழத் தொடங்கிவிடுகிறது. குண்டு மேலே எழும்பிப் பின் இறங்குகிறது என்பர் சிலர். மாங்காய்க்குக் கல்லெறியும் சிறுவன் கையைச் சற்று உயர்த்தி எறிவதைப் போல, குழலே சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. குறிபார்க்கும் தொலைநோக்கி குழலுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. மேலே பொருத்தப்பட்டிருக்கும். அதன் பார்வைக் கோடு நேராகச் செல்ல, குண்டு கீழிருந்து கிளம்பி அக்கோட்டைத் தொட்டு, பின் வளைந்து கீழே இறங்கும். நூறு மீட்டரில் குறி அமைத்தல் என்றால் அந்தத் தொலைவில் இரண்டும் சந்திக்குமாறு தொலைநோக்கியின் திருகைச் சரிசெய்வது.

தம்பியின் துப்பாக்கி .308 வின்செஸ்டர் என்னும் தோட்டாவுக்குரியது. ஏறத்தாழ பத்து கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும் என்பது பெட்டியிலுள்ள கணக்கு. நூற்றில் குறி அமைத்தால் இருநூற்றில் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. தாழும் என அதில் போட்டிருந்தது. அவனுக்கோ 36 செ.மீ. தாழ்ந்தது. 26 செ.மீ. எங்கிருந்து வந்தது?

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அவன் செய்ததைக் கேட்டபோது எனக்கு என் மாணவர்கள் நினைவு வந்தது. முதலில் தோட்டா மோசம் என்று எண்ணி வேறு நிறுவனத் தோட்டா வாங்கியிருக்கிறான். சுடுதளத்தில் இருந்த ஒருவர், தொலைநோக்கித் திருகைப் பதின்மூன்று சொடுக்கு மேலே ஏற்றச் சொல்ல, அதையும் செய்திருக்கிறான். இன்னொருவர், துப்பாக்கியைத் தாங்கும் மணல்மூட்டையைத் தள்ளி வைக்கச் சொல்ல, அதையும் செய்திருக்கிறான். எல்லாம் ஒரே பிற்பகலில். பத்து முறை சுட்டும் ஒன்றும் தெளியவில்லை என்றான். எப்படித் தெளியும்? தற்சார்பு மாறி ஒன்றுதான் இருக்க வேண்டும், மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக இருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் தொண்டை வறளச் சொல்லுகிறேன். 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை நிறுத்தியதோடு இந்தச் சொற்களைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்களோ என்று அஞ்சியதுண்டு. தேர்வு எழுதி அறிவியலில் 'ஏ' வாங்கிய என் தம்பியே மறந்துவிட்டான் என்பது அன்று தெரிந்தது.

முதலில் பெட்டியின் அட்டவணையைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். படத்தைப் பார்த்ததும் சிறிது தொகை கிடைத்துவிட்டது. அமெரிக்கப் பெட்டி, அதில் 200 என்றிருப்பது கெஜம். தம்பி சுட்டது 200 மீட்டர், அதாவது 219 கெஜம். அந்தக் கூடுதல் தொலைவுக்கு மட்டும் குண்டு இன்னும் 3 செ.மீ. தாழும். நாம் சிரிக்க வேண்டியதில்லை. மெட்ரிக் முறைக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் நம் பெரியவர்கள் ஊர்களை ஐந்தாங்கட்டை, ஆறாங்கட்டை என மைல் கணக்கில்தானே சொல்லுகிறார்கள்?

இரண்டாவது, குழலின் நீளம். பெட்டியில் உள்ள வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது என்று சிற்றெழுத்தில் இருந்தது. ஒலியடக்கி பொருத்துவதற்காக அங்குப் பலர் குட்டைக் குழலை விரும்புவர். தம்பியுடையது 18 அங்குலம். வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளும் பாதை குறைந்தால் வேகமும் குறையும். வினாடிக்கு 790 மீட்டர் அளவில் இருக்கலாம் எனக் கொண்டு கணக்குப் போட்டேன். பெரிய விடை கிடைக்கும் என்று எண்ணினேன். இருநூறு மீட்டரில் வேறுபாடு வெறும் 3 செ.மீ.! முந்நூறு மீட்டரில் அதுவே 10 செ.மீ. ஆகும் என்பது உண்மை, இருநூற்றில் மூன்றுதான்.

ஆக, ஆறு செ.மீ.க்குக் கணக்குக் கிடைத்தது. இருபது மீதம்.

இந்த இடத்தில்தான் வரைபடத்தாள் உதவியது. பிழை இருவகை. குண்டு மெதுவாகப் போவதால் வரும் பிழை, தொலைவு கூடக் கூட வளைந்து பெருகும். அருகில் அநேகமாகச் சுழியம், தொலைவில் மிகுதி. குறிபார்க்கும் கருவி சாய்ந்திருப்பதால் வரும் பிழையோ நேர்க்கோட்டில் பெருகும். நூறில் பத்து என்றால் இருநூறில் இருபது, ஐம்பதில் ஐந்து. இருநூறு மீட்டரில் மட்டும் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஒரே ஒரு தவறான விடையை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பெருக்கல் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா என்று சொல்லிவிட முடியாததைப் போலத்தான்.

"நூறு மீட்டருக்குத் திரும்பிப் போய்ச் சுட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"அங்கேதான் முதல்லயே சரியா இருந்துச்சே அக்கா" என்றான்.

"அது போன வாரம்" என்றேன்.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. தொலைநோக்கித் திருகை முதலில் இருந்த அடையாளத்துக்கே திருப்பிவை. பழைய பெட்டித் தோட்டாவையே எடு. மணல்மூட்டை அதே இடத்தில் இருக்கட்டும். 50, 100, 200 மூன்றிலும் மும்மூன்று முறை சுடு. நடுவில் எதையும் தொடாதே. சுட்ட அட்டையைப் படமெடுத்து அனுப்பு என்று சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில், ஆசிரியர் அறையில் கைப்பேசியைத் திறந்தேன். ஐம்பதில் 5 செ.மீ. கீழே. நூற்றில் 10. இருநூற்றில் 36. இருநூறு மீட்டர் அட்டையில் மூன்று துளைகளும் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தன. பக்கவாட்டில் சிதறல் இல்லை.

ஐம்பது மீட்டர் அட்டையே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவ்வேகத்தில் ஐம்பது மீட்டர் செல்வதற்குள் ஒரு குண்டு மொத்தமாக விழும் அளவே 2 செ.மீ. சொச்சந்தான். குறி சரியாக இருந்தால் அங்கே ஏறக்குறைய நடுவிலேயே பட்டிருக்கும். 5 செ.மீ. கீழே பட்டிருக்கிறது என்றால் அந்தக் குண்டு விழவில்லை, கீழ்நோக்கி அனுப்பப்பட்டிருக்கிறது. புவியீர்ப்பு நியூசிலாந்தில் குற்றமற்றது.

"தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தட்டைக் கழற்றிப் பார்" என்று எழுதி அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

மாலையில் பதில் வந்தது. பின்பக்கத் திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. முன்பக்கத்துத் திருகாணி விரல் நுனியாலேயே சுழன்றது. முன்னர் வைத்திருந்தவர் பழைய பசையைத் துடைக்காமலே பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறை சுடும்போதும் உதைப்பில் திருகாணி தளர்ந்து, தட்டின் முன்முனை அந்தப் பசைத் துணுக்கின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. முன்முனை எழும்பினால் பார்வைக் கோடு மேல்நோக்கிப் போகும். அதைக் குறியில் நிறுத்துவதற்காகச் சுடுபவன் தன்னையறியாமல் குழலைத் தாழ்த்துவான்.

எவ்வளவு எழும்பியிருக்கும்? முன்தாங்கிக்கும் பின்தாங்கிக்கும் இடையே 10 செ.மீ. என்றான். நூறு மீட்டரில் 10 செ.மீ. பிழை என்பது ஆயிரத்தில் ஒரு பங்குச் சாய்வு. 10 செ.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.1 மில்லிமீட்டர். நம் பள்ளியில் படியெடுக்கும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம்.

தட்டின் அடியையும் திருகாணிகளையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கினான். இறுக்கத்தின் அளவைக் காட்டும் திருப்புளி அங்குக் கடைகளில் கிடைக்கிறதாம். மிகையாக இறுக்கினாலும் தொலைநோக்கியின் குழாய் நசுங்கும் என்கிறான். பின் நூற்றில் புதிதாகக் குறி அமைத்து, இருநூற்றில் சுட்டான். 16 செ.மீ. கீழே பட்டது. பெட்டியின் 10, கெஜத்துக்கு 3, குட்டைக் குழலுக்கு 3. வேகம் அளக்கும் கருவி வைத்திருந்த ஒருவரிடம் காட்டி அளந்தபோது வினாடிக்கு 790 சொச்சம் வந்ததாம். கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது ஆசிரிய வாழ்க்கையில் அரிது. அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

திருகைப் பதின்மூன்று சொடுக்கு ஏற்றியபடியே அவன் சனிக்கிழமை மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. சுடும்தோறும் தளரும் திருகாணி, இருநூறு மீட்டரில் அன்று சரியாகப் பட்டதை மறுநாள் மானின் காலில் பட வைத்திருக்கும்.

பள்ளியில் துப்பாக்கி என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. ஆனால் தாளை விட மனமில்லை. வெள்ளிக்கிழமை அறிவியல் பாடத்தில் முதலில் ஒரு கட்டுத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து உயரத்தை அளக்கச் சொன்னேன். ஐந்நூறு தாள், 5 செ.மீ. ஒரு தாள் எவ்வளவு என்று அவர்களே வகுத்துக் கண்டனர். பின் 10 செ.மீ. நீளமுள்ள மரக்கட்டையில் லேசர் சுட்டியை ஒட்டி, மாடி நடைபாதையின் ஒரு முனையில் மேசைமேல் வைத்து, இருபது மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரில் ஒளிப்புள்ளி விழச் செய்தேன். எவரும் குறுக்கே வராதபடி இரண்டு பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்தினேன். கட்டையின் முன்முனைக்கடியில் ஒரே ஒரு தாளைச் செருகியதும் புள்ளி 2 செ.மீ. ஏறியது. அதுவரை பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து வந்து, "டீச்சர், ரெண்டு தாள் வைக்கட்டுமா?" என்றான். வைத்தான். நான்கு. "நடைபாதை இன்னும் நீளமா இருந்தா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளையே நேர்க்கோட்டு வரைபடம் வரையச் சொன்னேன். இருநூறு மீட்டர் வரை கோட்டை நீட்டிக்கொண்டு போனாள், தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டி.

சனிக்கிழமை இரவு தம்பி அழைத்தான். மலைச் சரிவில் ஒரு கலைமானைப் பார்த்திருக்கிறான். தொலைவு இருநூறா முந்நூறா என்று அந்தி வெளிச்சத்தில் தெரியவில்லை. சுடாமல் இறங்கி வந்துவிட்டானாம். நண்பர்கள் கேலி செய்தனராம்.

கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் தாத்தாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.